முருங்கை தின்ற கோழி

பாக் தர்மோ சுற்றுவழியில் நடக்க ஆரம்பித்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் ஊர் அலுவலகத்தின் எழுத்தர்; பாக் என்பது எங்கள் பக்கத்தில் ஐயா என்பது மாதிரி. வீட்டிலிருந்து நேர்வழியில் போனால் ஒரு சிகரெட் எரிந்து முடிவதற்குள் அலுவலகம் வந்துவிடும். ஆனால் நேர்வழி துமினியின் வேலியை ஒட்டிப் போகிறது. அது முருங்கை வேலி. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து பாதையின் மேல் கவிந்து நிற்கிறது. அதனால் மனிதர் குளக்கரைச் சேற்றில் இறங்கி, தன்னுடைய யானைப்புல் தோட்டத்தின் ஓரமாக ஊரைப் பாதி சுற்றி வந்து அலுவலகம் சேர்வார். சேர்ந்ததும் முதல் வேலை காலைக் கழுவுவது. கோப்பு, கையெழுத்து எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஏன் சுற்றுகிறார் என்று பால்குடிப் பிள்ளைகளையும் அவர் மனைவியையும் தவிர ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இரண்டு புருவத்துக்கும் நடுவில், தோலுக்கு அடியில், தலைமுடியைவிட மெல்லிய தங்க ஊசி ஒன்று இருக்கிறது. இளவட்டமாக இருந்தபோது கடற்கரை ஊர் மந்திரவாதி ஒருவரிடம் போய் வைத்துக்கொண்டு வந்தார். வசிய ஊசி. முகத்தைப் பார்ப்பவர்களுக்கெல்லாம் அவரைப் பிடித்துப்போக வேண்டும் என்பது ஏற்பாடு. அது வேலை செய்ததா என்றால், இருபது வருடமாக எழுத்தராகவேதான் இருந்தார்.

அந்த ஊசிக்குப் பத்தியங்கள் உண்டு. துணி காயும் கொடிக்குக் கீழே குனிந்து போகக் கூடாது. சாத்தே இறைச்சியைக் குச்சியிலிருந்து நேராகக் கடிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, முருங்கை ஆகாது. இலை பட்டாலே வசியம் செத்துவிடும். ஊசி வைத்தவர்களுக்குக் கடைசி மூச்சு லேசில் பிரியாது, முருங்கைக் கொத்தால் நெற்றியை வருடினால்தான் போகும் என்பார்கள். விருந்துகளில் பாக் தர்மோ முள்கரண்டியால் குச்சியிலிருந்து இறைச்சியைத் தட்டில் உருவிப் போடுவதை ஊரே ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் பேச்சை வானிலைக்கு மாற்றும்.

துமினிக்கு அந்த ஊசியின் மேல் ஒரு பகையும் கிடையாது. அவளுக்கு வேலி வேண்டும், அவ்வளவுதான்.

வேலி தானாக வந்தது. மிளகாய்ப் பாத்தியைக் கோழிகள் கிளறுகின்றன என்று எங்கிருந்தோ நாலு முருங்கைக் கம்புகளை வெட்டி வந்து ஊன்றினாள். கம்பு தழைத்தது. தழைத்ததை வெட்டி ஊன்றினாள், அதுவும் தழைத்தது. எங்கள் சுண்ணாம்பு மலைப் பக்கம் மழை நின்றுவிட்டால் பாறைதான் மிஞ்சும். கோடையில் பச்சையாக நிற்பவை ஊரில் இரண்டே இரண்டு. ஒன்று குளத்துத் தண்ணீர் குடிக்கும் பாக் தர்மோவின் யானைப்புல். மற்றது துமினியின் வேலி.

காலையில் கொத்துக் கொத்தாக ஒடித்து, நிழலில் வாட வைத்து, மத்தியானம் ஆடுகளுக்குப் போடுவாள். கோழிகளுக்குத் தரையில் போட்டால் மிதித்து வீணாக்கும் என்பதால், அலகு எட்டும் உயரத்தில் கட்டித் தொங்க விடுவாள். மிச்சத்தைக் காய வைத்து நொறுக்கித் தவிட்டோடு பிசைவாள். மஞ்சள் கரு மாம்பழ நிறத்துக்கு வந்தது. பதினாலு கோழி, இரண்டு ஆடு, இவ்வளவுதான் அவள் சொத்து. மகள் ரத்ரி தொலைவில் பாத்தாம் தீவில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறாள். வருடத்துக்கு ஒருமுறை நோன்புப் பெருநாளுக்கு வருவாள்.

முந்தின வருடக் கோடையில் வேலி இன்னும் சின்னதாக இருந்தது. மூத்த ஆடு குட்டி போட்டது. தீவனம் இல்லை, மடியில் பால் இல்லை. குட்டி மூன்று நாள் காம்பை இழுத்து இழுத்துப் பார்த்தது. நாலாம் நாள் இழுக்கவில்லை. சோற்றுக் கஞ்சியை விரலில் தொட்டுத் தொட்டு அதன் வாயில் வைத்துக்கொண்டு இருந்தாள் துமினி, அது செத்துப்போனது தெரியாமல். அதிலிருந்து அவளுக்கு ஒரே வைராக்கியம்: இந்த வீட்டில் இனி ஒரு குட்டி பாலில்லாமல் சாகக் கூடாது. இந்த வருடம் மூத்தது மறுபடியும் சினை.

இந்த நேரம் பார்த்துத்தான் ஊர்த் தலைவர் தேர்தல் வந்தது. பாக் தர்மோ வேட்பாளர். ஓட்டுக் கேட்கிறவர் சேற்றுக் காலோடு ஊரைச் சுற்றிக்கொண்டிருக்க முடியாது. ஒருநாள் துமினி வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் கொடி நிறையத் துணி. அவர் கொடியைப் பார்த்தார், கொடி அவரைப் பார்த்தது. கோழிக்கூட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்து நின்றார்.

"வாங்க பாக், வாங்க. வாசல் இந்தப் பக்கம் இருக்க, ஏன் கூட்டு வழியா வர்றீங்க?"

"இல்லக்கா, கோழியெல்லாம் எப்படி இருக்குன்னு பாத்துக்கிட்டே வந்தேன். நல்லா கொழுத்திருக்கு."

தேநீர் வந்தது. மழையைப் பற்றிப் பேசினார்கள். ரத்ரியைப் பற்றிப் பேசினார்கள். மூன்றாவது மிடறில் விஷயம் வந்தது.

"அக்கா, இந்த முருங்கை... சுகாதாரத்துலேருந்து சொல்றாங்க, இலையில கொசு முட்டை வைக்குதாம்."

"அப்படியா பாக்? தண்ணியிலதான் வைக்கும்னு சொன்னாங்களே."

"அது பழைய கொசு."

துமினி தேநீர்க் குவளைக்குள் பார்த்துச் சிரிப்பை விழுங்கினாள்.

"முழங்கால் உயரத்துக்கு வெட்டி விட்டுட்டீங்கன்னா நல்லாருக்கும்."

"மொங்கோ, பாக்," என்றாள் துமினி.

மொங்கோ என்றால் 'ஆகட்டும், உங்கள் இஷ்டம், தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்' என்று அர்த்தம். அப்படித்தான் அர்த்தம் என்று எல்லோரும் சொல்வார்கள். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் தெருவில் போகிறவரைப் பார்த்து மொங்கோ என்பார். போகிறவரும் மொங்கோ என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் அவரை என்ன செய்வது என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. இதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை.

பாக் தர்மோவும் சளைத்தவர் இல்லை. எழுந்திருக்கும்போது சொன்னார்: "கோடையில தீவனத்துக்குக் கஷ்டமா இருந்தா நம்ம யானைப்புல்லு இருக்கேக்கா. எப்ப வேணும்னாலும் வந்து அறுத்துக்குங்க. மொங்கோ."

"ரொம்ப நன்றி பாக்."

அவர் கூட்டு வழியாகவே திரும்பிப் போனார். வேலியும் வெட்டப்படவில்லை, புல்லும் அறுக்கப்படவில்லை. இரண்டு பேரும் மரியாதைக் குறைவாக எதுவும் நடந்துகொள்ளவில்லை.

பத்து நாள் கழித்து இன்னொரு தடவை வந்தார். அழகான ஊர் எது என்று போட்டி வருகிறதாம், நடுவர்களுக்கு வெள்ளையடித்த மூங்கில் வேலிதான் பிடிக்குமாம். மொங்கோ என்றாள். அடுத்த தடவை, முருங்கை வேர் கிணற்றைக் குடித்துவிடும் என்றார். கிணறு இருந்தது வேலியிலிருந்து இருநூறு அடி தள்ளி. அதற்கும் மொங்கோதான்.

துமினியின் கணவன் பார்ஜோ பயந்துவிட்டான். நல்ல மனிதன், ஆனால் முத்திரை குத்திய காகிதத்தைக் கண்டாலே வியர்த்துவிடும்.

"ரத்ரி அம்மா, வெட்டிடலாம். அவரு தலைவராயிட்டா நம்மள சும்மா விடுவாரா?"

"வெட்டிட்டு? ஆட்டுக்குட்டிக்கு நீ பால் குடுப்பியா?"

"நான் மலைக்குப் போயி புல்லு கொண்டாரேன்."

"போன வருசமும் இதத்தான் சொன்ன. ரெண்டு மணி நேரம் நடந்து ஒரு கூடை முள்ளு கொண்டாந்த. அத ஆடும் திங்கல, நானும் திங்கல."



தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பாக் தர்மோ வீட்டில் வேண்டுதல் விருந்து. அவர் மனைவி சுவார்னி துமினியைத் தேடி வந்தாள். முழுக்கோழியைத் தேங்காய்ப்பாலில் வேக வைத்துப் பரிமாற வேண்டும், ஆறு கோழி வேண்டும், பதிலுக்கு இரண்டு மூட்டை தவிடு தருகிறேன் என்றாள்.

"உன் கோழி மாதிரி ஊருல எங்கயும் இல்லக்கா. தோலே மஞ்சளா மினுங்குது. என்னதான் போடுற?"

துமினி வாயைத் திறந்தாள். சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் சொன்னால் எப்படிச் சொல்வது? உன் புருஷன் நெற்றியில் ஊசி இருக்கிறது, அவருக்கு ஆகாது என்றா? அந்த அம்மாளுக்கு இருபது வருடமாகத் தெரியாத சேதியை வேலியோரத்தில் நின்றுகொண்டா சொல்வது? மரியாதை தெரிந்தவள் செய்கிற காரியமா அது? தவிர, கொசுவையும் கிணற்றையும் கேட்டுக் கேட்டு அவளுக்குள் ஒரு குறுகுறுப்பும் சேர்ந்திருந்தது. அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

"தோட்டத்துல கெடக்கறதத்தான் போடுறேன்," என்றாள்.

விருந்தன்று ஊர்ப் பெண்கள் எல்லோரும் சமையலுக்குப் போனார்கள். ஆண்கள் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். தொழுகை நடத்தும் பாக் ஜய்னல் பிரார்த்தனை சொல்லி முடித்தார். துமினி மூங்கில் தட்டியின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாக் தர்மோ தொடைக்கறியில் பாதியை முடித்து, அடுத்த வாயையும் நிரப்பிவிட்டார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"கொழுப்பு மஞ்சளா வடியுதே," என்றார் பாக் ஜய்னல், விரலை நக்கியபடி. "யாரு வீட்டுக் கோழி?"

"நம்மளதுதான்!" பார்ஜோ நெஞ்சை நிமிர்த்தினான். யாரும் அவனை ஒன்றும் கேட்காத வீட்டில், கேட்ட ஒரே கேள்வி. "குஞ்சா இருக்கறப்பவேருந்து வெறும் முருங்கைதான். எங்க வீட்டுக்காரி வேற ஒண்ணும் போட மாட்டா. காலையில முருங்கை, மத்தியானம் முருங்கை, தவிட்டுலயும் முருங்கை..."

நாலாவது முருங்கையில்தான் அவனுக்கு உறைத்தது. கூடத்தில் ஒருவரும் மெல்லவில்லை. அத்தனை கண்களும் பாக் தர்மோவின் நெற்றிக்குப் போய்விட்டு, அவசரமாக அவரவர் தட்டுக்குத் திரும்பின.

பாக் தர்மோவின் கன்னம் புடைத்திருந்தது. துப்பினால் ஊசி இருக்கிறது என்று ஊரறிய ஒப்புக்கொண்டதாகும். விழுங்கினால் ஊசி போயிற்று. மனிதர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு விழுங்கினார். விழுங்கியது தொண்டையில் இறங்குவதைத் துமினி தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

"நல்லா... நல்லாருக்கு," என்றார் பாக் தர்மோ. "மொங்கோ, எல்லாரும் சாப்பிடுங்க."

மூன்று நாள் காய்ச்சலில் படுத்தார். நாலாம் நாள் எழுந்தவர் வேறு ஆள். அதுவரை ஊசியை நம்பி வீட்டில் உட்கார்ந்திருந்தார். முகத்தைக் காட்டினால் போதும், ஓட்டு தானாக வரும் என்று இருந்தவர். இப்போது முகத்தில் ஒன்றும் இல்லை. போட்டி வேட்பாளர், மாட்டு வியாபாரி விர்யோ, வீடு வீடாகச் சிகரெட் கொடுத்துக்கொண்டிருந்தார். பயம் பிடித்துக்கொண்டது பாக் தர்மோவுக்கு. வீடு வீடாக இறங்கினார். திண்டாட்டம் என்ன என்று கேட்டார், கேட்டுவிட்டு உட்கார்ந்து பதிலையும் கேட்டார். ஊர்க்கோடி யாத்மி வீட்டுக் கூரைக்கு ஓடு தூக்கிக் கொடுத்தார். குச்சியோடு நீட்டிய சாத்தேயைக் குச்சியோடு கடித்தார்.

துமினி வீட்டுக்கும் வந்தார், நேர்வழியில், முருங்கைக்குக் கீழே. ஒரு கிளை நெற்றியைத் தடவியது. அதை விலக்கக்கூட இல்லை.

"ஆடு எப்ப ஈனும்க்கா?"

"இன்னும் ஒரு மாசம் ஆகும் பாக்."

"ரெட்டைக் குட்டி மாதிரி தெரியுதே." குனிந்து வயிற்றைத் தடவினார். "சின்ன வயசுல நான் ஆடு மேச்சவன். ஒரு தடவ ஓடையில ஒரு குட்டிய விட்டுட்டேன். அப்பா அடிச்ச அடி இன்னும் வலிக்குது." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

வேலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. துமினிக்கு அவரைப் பிடித்துப்போனது. ஊசி வைத்த நாளிலிருந்து முதல் தடவையாக.

முப்பத்தேழு ஓட்டு வித்தியாசத்தில் பாக் தர்மோ ஜெயித்தார். அந்த முப்பத்தேழில் துமினியும் பார்ஜோவும் உண்டு. விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஜெயித்த மனிதர் யோசித்தார். இருபது வருடம் ஊசி இருந்தது, எழுத்தராகவே இருந்தோம். ஊசி செத்து மூன்றே வாரத்தில் தலைவராகிவிட்டோம். வீடு வீடாக நடந்த கால்கள் அவர் நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வந்தது தொடைக்கறிதான். சக்தி ஊசியில் இல்லை, முருங்கையில் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

முதல் ஊர்க்கூட்டத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்து அறிவித்தார். இனி ஊரில் எல்லா வேலியும் முருங்கை. கோழிக்கு முருங்கை, ஆட்டுக்கு முருங்கை. சாலை இரண்டு பக்கமும் முருங்கை. ஒவ்வொரு கம்புக்கும் எண் போட்ட பலகை.

"கம்பெல்லாம் நம்ம துமினி அக்கா வேலியிலேருந்துதான் எடுக்கப் போறோம். ஊருக்கே முன்னோடி அவங்கதான்! என்னக்கா, சம்மதம்தானே?"

ஒலிபெருக்கியை அவள் வாய்க்கு நேராக யாரோ கொண்டுவந்து நீட்டினார்கள். இருநூறு முகம் திரும்பியது. துமினி சொல்ல நினைத்தது நீளமானது: மழை நின்று மூன்று வாரம் ஆகிறது தலைவரே, இப்போது ஊன்றினால் ஒரு கம்பும் பிடிக்காது, மழை வரட்டும், நானே வெட்டித் தருகிறேன், இந்த வாரம் என் ஆடு குட்டி போடப் போகிறது. இத்தனையும் நாக்கு நுனிவரை வந்தது. நாக்குக்குப் பழகியது ஒரே வார்த்தைதான்.

"மொங்கோ, தலைவரே," என்றது ஒலிபெருக்கி. குரல் குளத்தைத் தாண்டிப் போய் மலையில் முட்டித் திரும்பி வந்தது.

தட்டின் முன்னால் சொல்கிற மொங்கோ வேறு, ஒலிபெருக்கியில் சொல்கிற மொங்கோ வேறு என்பது அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது. கூட்டம் கலைவதற்குள் ஆண்கள் அரிவாளோடு வந்துவிட்டார்கள். சிரித்துப் பேசிக்கொண்டு, அவளை வாழ்த்திக்கொண்டு, முழங்கால் உயரத்துக்கு எல்லாவற்றையும் வெட்டினார்கள். கொசுவாலும் கிணற்றாலும் ஆகாத காரியம் மரியாதையால் ஆயிற்று. கம்புகள் சாலைக்குப் போயின. இலைகளை அவரவர் ஆட்டுக்கு ஒரு கட்டு எடுத்துப் போனார்கள். போகும்போது மொங்கோ என்றார்கள். இவளும் மொங்கோ என்றாள்.

மறுநாள் விடியலில் மூத்த ஆடு இரட்டைக் குட்டி போட்டது. ஒன்று கறுப்பு, ஒன்று கறுப்பில் வெள்ளை. முதல் நாள் பால் இருந்தது. மூன்றாம் நாள் மடி தொய்ந்தது. பார்ஜோ மலைக்குப் போய் அரைக் கூடை முள்ளோடு வந்தான், அவனைத் திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை. சாலையோரம் எண் போட்ட கம்புகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. வேலியில் கட்டைகளை விரலால் தடவிப் பார்த்தாள்; துளிர் வரப் பல வாரம் ஆகும். கறுப்புக் குட்டி காம்பை இழுத்தது. விட்டுவிட்டு அவளைப் பார்த்தது. மறுபடியும் இழுத்தது.

போன வருடம் அழுதாள். இந்த வருடம் அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று பார்த்தால் பாதி தலைவர் மேல், பாதி தன் நாக்கின் மேல். கூடையையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

பாக் தர்மோ பல் துலக்கிக்கொண்டு பின்பக்கம் வந்தபோது, அவருடைய யானைப்புல்லில் ஒரு வரிசை தரையோடு போயிருந்தது.

"அக்கா... என்ன பண்றீங்க?"

"புல்லு அறுக்குறேன் தலைவரே."

"அது... நம்ம காளைக்கு..."

"நீங்கதானே சொன்னீங்க, கஷ்டமா இருந்தா எப்ப வேணும்னாலும் வந்து அறுத்துக்கன்னு?" துமினி நிமிர்ந்து நெற்றி வியர்வையைத் துடைத்தாள். குரலில் மரியாதை ஒரு இம்மிகூடக் குறையவில்லை. "மொங்கோன்னீங்க. இப்பத்தான் கஷ்டம் வந்துச்சு. அதான் வந்தேன்."

பாக் தர்மோ வாயைத் திறந்தார், நுரை வழிந்தது. சும்மா வாய் வார்த்தைக்குச் சொன்னேன் என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்லிவிட்டால், ஒலிபெருக்கியில் அவள் சொன்னது என்ன வார்த்தை என்று யாராவது கேட்பார்கள். சாலையோரம் இருநூறு பலகை நிற்கிறது. இந்த ஊரில் இத்தனை காலம் யாரும் செய்யாத காரியத்தை ஒரு பெண்பிள்ளை செய்துவிட்டாள்: சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டாள். கூப்பிட்டவுடன் உள்ளே வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவர் கை தன்னையறியாமல் நெற்றிக்குப் போய், புருவ நடுவைத் தடவிப் பார்த்துவிட்டுக் கீழே வந்தது.

"வேலி தழைக்கற வரைக்கும்தான் தலைவரே," என்றாள்.

அவரிடம் இருந்தது ஒரே பதில்தான்.

"மொங்கோ, அக்கா."

"ரொம்ப நன்றி தலைவரே," என்றாள் துமினி, இந்தத் தடவை மனதார. கூடையை அழுத்தி நிரப்பித் தலையில் தூக்கிக்கொண்டு போனாள். ஆடு புல்லில் முகத்தைப் புதைத்தது. சாயங்காலம் மடியில் கொஞ்சம் பால் இறங்கியது, மறுநாள் இன்னும் கொஞ்சம். குட்டிகள் இரண்டு பக்கமும் முட்டி முட்டிக் குடித்தபோது அவற்றின் வால் நிற்கவே இல்லை. துமினி தொழுவத்து மண்ணில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பாக் தர்மோ இப்போது நேர்வழியில்தான் அலுவலகம் போகிறார். குளக்கரை வழியே போனால் துமினி அரிவாளோடு நிற்பாள், அவர் நின்று மொங்கோ சொல்ல வேண்டியிருக்கும்.